கை மாறும் துடுப்பு

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரி மாணவர்களுக்காக அரியலூரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கல்லூரிப் படகுக் குழாம்களைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டபோது, என்னை அழைத்த பேராசிரியர் தொலைபேசியில் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஐயா, நம்ம ஊர்ல சிமெண்ட்டைப் பத்திப் பேசலாம், முந்திரியைப் பத்திப் பேசலாம். படகுன்னா பிள்ளைங்க என்ன நினைக்கும்?" என்று தயங்கினார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பங்குனி வெயிலில் இந்த மண்ணில் நடந்தவர்களுக்குத் துடுப்பு என்ற சொல்லே தூரத்துச் சொல்லாகத்தான் இருக்கும்.

ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் ஒரு காலத்தில் கடல். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அலையடித்த அந்தக் கடலின் அடித்தளத்தில் படிந்த சிப்பிகளும் ஓடுகளும்தான் இன்று சுண்ணாம்புக் கல்லாகி, சிமெண்ட்டாகி, தமிழ்நாடு முழுவதும் வீடுகளாக நிற்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அந்த மரமும் கடல் மண்ணில் புதைந்துதான் கல்லானது.

சரி, அது மனிதன் பிறக்காத காலம். மனிதர் காலத்துக்கு வருவோம். இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் ராஜேந்திரன் 1025இல் கடல் கடந்து கடாரத்துக்குப் படை அனுப்பினான். கங்கைப் படையெடுப்பின் வெற்றிக்கு அவன் கல்லில் தூண் நடவில்லை, ஏரி வெட்டினான். சோழகங்கம் என்று அதற்குப் பெயர். நீரால் ஆன வெற்றித்தூண் என்ற பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. இன்று பொன்னேரி என்கிறோம். மைல் கணக்கில் நீண்ட கரை. அந்தக் கரைமேல் நடந்து போகிறவர்கள் எத்தனை பேர், அந்தத் தண்ணீரை எட்டிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி என்னைப் பல ஆண்டுகளாக உறுத்துகிறது. இன்றைய பேச்சே அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

நான் கொள்ளிடத்தின் வடகரைக்காரன். திருமழபாடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். நான் சிறுவனாக இருந்தபோது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தென்கரைக்கு ஓடம்தான் வழி. என் தாய்மாமன் ஓடம் தள்ளியவர். அவர் ஓடத்தை நேராக எதிர்க்கரையைப் பார்த்து விடவே மாட்டார். கயிற்றைக் கட்டிக் கரையோரமாகவே ஓடத்தை மேலே மேலே இழுத்துக்கொண்டு போவார். கால் மைல், சில நாள் அரை மைல். அங்கிருந்து விட்டால், நடு ஆற்று இழுப்பு ஓடத்தைக் கீழே தள்ளத் தள்ள, சரியாக எதிர்த்துறையில் கொண்டுபோய் ஒட்டுவார். எவ்வளவு மேலே ஏற வேண்டும் என்பதைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்வார். செந்நிறம் கூடினால் இழுப்பு கூடும். நடு ஆற்றில் யாரும் எழுந்திருக்கக் கூடாது, நீச்சல் தெரிந்தவர்கள் ஓரத்தில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவர் சட்டங்கள்.

பிறகு பாலங்கள் வந்தன. மதனத்தூருக்கும் நீலத்தநல்லூருக்கும் நடுவே பாலம் வந்ததும் ஜெயங்கொண்டத்துக்காரர் கும்பகோணம் போவது சுலபமாயிற்று. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். பிரசவ வலியோடு ஓடத்துக்குக் காத்திருந்த பெண்ணை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓடம் நின்ற நாளோடு, ஆற்றைத் தினமும் பார்த்த கண்களும் நின்றுவிட்டன. தண்ணீரின் நிறம் மாறினால் கேட்க ஆளில்லை. மணல் போனால் கேட்க ஆளில்லை. பாலத்தின் மேல் போகிறவர் ஆற்றைப் பார்ப்பதில்லை, செல்பேசியைப் பார்க்கிறார்.

தினமும் தண்ணீரைப் பார்க்கிற கண்களை ஒரு ஊர் திரும்ப எப்படிப் பெறும்? இதற்கு எனக்குத் தெரிந்த ஒரு விடை புனேயில் இருக்கிறது.

1854இல் புனேயில் பொறியியல் வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். கட்டடம், கால்வாய், பாலம் கட்டும் வேலைகளுக்குக் கீழ்நிலை அலுவலர்களைப் பயிற்றுவிப்பதற்காக. அது வளர்ந்து புனே பொறியியல் கல்லூரியாயிற்று. விசுவேசுவரய்யா படித்த கல்லூரி அது. 2022இல் பல்கலைக்கழகமாகவும் ஆகிவிட்டது. (இன்னொரு செய்தி. அதே 1854இல்தான் நமக்குப் பக்கத்தில் கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு வித்தான பள்ளியும் தொடங்கிற்று. அதற்குப் பிறகு வருகிறேன்.) புனே கல்லூரியின் வளாகம் முளா ஆறு முட்டா ஆற்றோடு சேரும் இடத்தருகே, ஆற்றங்கரையில் இருக்கிறது. 1928இல் மாணவர்களுக்காக அங்கே படகுக் குழாம் ஒன்று ஏற்பட்டது. இன்றைக்கும் நடக்கிறது. 2028இல் அதற்கு நூறு ஆண்டு.

வேலை நிமித்தம் நான் புனேயில் இருந்த நாளில், அவர்கள் 'ரெகாட்டா' என்று கொண்டாடும் படகுத் திருவிழாவைப் பார்க்கப் போனேன். மாலை வெயில் சாய்ந்த நேரம். கரையில் இடம் இல்லை, ஜனம் அப்படி. ஒற்றை ஆள் ஏறும் கயாக்குகள் இசைக்கேற்ப வட்டம் போட்டன, வட்டம் பூவாக விரிந்தது, பூ இரண்டு வரிசையாகப் பிரிந்தது. தண்ணீரில் ஆடும் கும்மி என்றே எனக்குத் தோன்றிற்று. மெலிந்த நீண்ட பந்தயப் படகுகள் கோடு கிழித்த மாதிரி போயின. அலங்கரித்த தட்டைப் படகுகள் ஊர்வலம் வந்தன.

எல்லாம் முடிந்த பிறகும் நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டம் கலைந்துவிட்டது. பையன்களும் பெண்களுமாக ஒரு படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித் தோளில் வைத்துக் கொட்டகைக்கு எடுத்துப் போனார்கள். முன்னால் போனவர்கள் மூத்த மாணவர்கள், பின்னால் தூக்கியவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள். "தோளை இறக்காதே, படகு முறுகும்" என்று முன்னால் போன பெண் பின்னால் திரும்பாமலே சொன்னாள். அந்தக் குரலில் இருந்த உரிமை எனக்குப் பிடித்தது. அவளுக்கு யாரோ அதைச் சொல்லியிருப்பார்கள். அவருக்கு அதற்கு முன் யாரோ. விழாவைத் திட்டமிடுவது, பழகுவது, படகைப் பராமரிப்பது என்று பெரும்பகுதி மாணவர்கள் கையில்தான். நான்கு ஆண்டுக்கு மேல் அங்கே எந்த மாணவரும் இருப்பதில்லை. எல்லோருமே போய்விடுகிற இடத்தில் ஒரு குழாம் ஏறத்தாழ நூறு ஆண்டு நிற்கிறது என்றால், போகிறவர் வருகிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பொருள்.

அந்த ஆற்றின் நிலையை மறைக்க மாட்டேன். கழிவுநீர் கலக்கிறது. ஆகாயத் தாமரை படர்ந்தால் துடுப்பு சிக்குகிறது. நான் நின்ற இடத்திலேயே நாற்றம் இருந்தது. அந்த நாற்றத்துக்கு நடுவேதான் பிள்ளைகள் தினமும் பழகுகிறார்கள். ஆனால் அந்த ஆறு கெட்டுப்போகிறது என்று அந்த ஊருக்கு ஆண்டுதோறும் நினைவூட்டும் ஒரு கூட்டம் இருக்கிறதே, அது நம் கொள்ளிடத்துக்கு இல்லை, மருதையாற்றுக்கு இல்லை, நம் ஏரிகளுக்கு இல்லை.

தமிழ்நாட்டில் இல்லையா என்றால், உண்டு. சென்னையில் அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867இலிருந்து இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகத் தொடங்கியது. கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே நடக்கும் துடுப்புப் பந்தயம் 1898இல் தொடங்கிற்று. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இத்தனை காலம் ஒரு பந்தயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரிய காரியம். ஆனால் அது நகரத்தின் கிளப். நான் உங்களிடம் பேசுவது கல்லூரிப் பிள்ளைகளின் குழாத்தைப் பற்றி. அதன் வேர் கேம்பிரிட்ஜில், ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது.

1829இல் சார்லஸ் மெரிவேல் என்பவர் கேம்பிரிட்ஜில் படித்தார், சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். இரண்டாமவர் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி மகன். இருவரும் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள். எங்கள் படகா உங்கள் படகா பார்ப்போம் என்று கேம்பிரிட்ஜ் சவால் விட்டது. ஜூன் 10ஆம் தேதி தேம்ஸ் ஆற்றில் ஹென்லி என்ற ஊரில் எட்டு துடுப்புப் படகுகள் போட்டியிட்டன. ஆக்ஸ்ஃபோர்டு ஜெயித்தது. அன்று ஆரம்பித்தது இன்று வரை நடக்கிறது. 1877இல் இரண்டும் சமம் என்று அறிவித்தார்கள். 1912இல் இரண்டு படகுமே மூழ்கின. பெண்களுக்கான பந்தயம் 1927இல் வந்தது. அவர்களுக்கும் தேம்ஸில் அதே நீர்வழி 2015இல்தான் கிடைத்தது. இவ்வளவு தாமதமாக அதைக் கொடுத்தது எனக்கு இன்னும் வருத்தமே. நீங்கள் தொடங்கினால் முதல் படகிலேயே பெண் பிள்ளைகள் ஏற வேண்டும்.

எல்லோரும் அந்தப் பெரிய பந்தயத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிட மனசுக்கு நெருக்கமானது கேம்பிரிட்ஜின் உள்ளூர்ப் பந்தயம். கேம் என்ற அந்த ஆறு ஒடுக்கமானது. நம் பெரிய வாய்க்கால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீண்ட படகுகள் துடுப்பை விரித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் போக இடம் போதாது. ஆற்றை அகலப்படுத்த முடியுமா? முடியாது. அதனால் பந்தயத்தை மாற்றினார்கள். படகுகள் ஒன்றன் பின் ஒன்றாக, ஏறத்தாழ ஒன்றரைப் படகு நீள இடைவெளியில் நிற்கும். பீரங்கி வெடித்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். முன்னால் போகிற படகைப் பின்னால் வருகிற படகு துரத்தித் தொட வேண்டும். பின்னால் இருந்து தன்னைத் தொட வருகிற படகிடம் சிக்காமல் இருக்கவும் வேண்டும். தொட்டுவிட்டால் இரண்டும் ஒதுங்கிக்கொள்ளும். மறுநாள் இரண்டும் இடம் மாறி நிற்கும். இதற்கு 'பம்ப்ஸ்' என்று பெயர். 1827இலிருந்து நடக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று. இந்த ஆண்டுப் பந்தயம் புதிதாகத் தொடங்குவதில்லை. போன ஆண்டு உங்கள் கல்லூரிப் படகு எந்த இடத்தில் முடித்ததோ, அந்த இடத்தில்தான் இந்த ஆண்டு நீங்கள் நிற்க வேண்டும். போன ஆண்டு துடுப்புப் போட்டவர் படித்து முடித்துப் போய்விட்டார். அவர் ஏறின இடமும் உங்களுக்கு, இறங்கின இடமும் உங்களுக்கு. நம் ஊரில் அப்பன் நிலத்தைப் பிள்ளை உழுகிற மாதிரி. கடனும் வரும், கிணறும் வரும். இரு நூற்றாண்டுப் பரம்பரை ஒரு விதிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இங்கே நம் கணித மேதை ராமானுஜத்தைச் சொல்லாமல் போக முடியாது. அவர் சிறுவனாகத் திரிந்த கும்பகோணம் நமக்குக் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம்தான். அவர் முதலில் சேர்ந்த கும்பகோணம் அரசுக் கல்லூரியைத் தென்னகத்தின் கேம்பிரிட்ஜ் என்பார்கள். அது காவிரிக் கரையில் இருக்கிறது. பிறகு உண்மையான கேம்பிரிட்ஜுக்கே போனார். அவர் சேர்ந்த டிரினிட்டி கல்லூரியின் படகுக் குழாம் 1825இல் தோன்றியது, பல்கலைக்கழகக் குழாத்துக்கே மூத்தது. ஆனால் பாருங்கள், 1914ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு – கேம்பிரிட்ஜ் பந்தயம் மார்ச் இறுதியில் முடிந்துவிட்டது. ராமானுஜம் இங்கிலாந்தில் இறங்கியது ஏப்ரலில். ஆகஸ்டில் போர் வந்தது. அடுத்த பந்தயம் 1920இல். அவரோ 1919இலேயே ஊர் திரும்பிவிட்டார். அவர் அங்கே இருந்த ஐந்து ஆண்டும் அந்தப் பெரிய பந்தயம் நடக்கவே இல்லை. துடுப்புப் போட வேண்டிய பையன்கள் போர்முனைக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. போர் முடிந்ததும் மிஞ்சியவர்களும் புதியவர்களுமாகச் சேர்ந்து துடுப்பை எடுத்தார்கள்.

இனி உங்கள் மனதில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். வறண்ட நிலத்துப் பிள்ளைகளுக்குத் துடுப்பு வருமா?

தத்து போகனள் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்தில் வறட்சிக்குப் பெயர்போன தாலுகாவில் ஒரு கிராமம் அவர் ஊர். அப்பாவோடு சேர்ந்து கிணறு வெட்டும் வேலை செய்தவர். 2012இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். பயிற்சி எடுத்தது அதே புனேயில், ராணுவத்தின் பயிற்சி மையத்தில். நான்கே ஆண்டில், 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனியாள் படகில் 13ஆம் இடம். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம். அவருக்கு முன், 2010இல் குவாங்சோவில் துடுப்புப் படகில் இந்தியாவுக்கு முதல் ஆசியத் தங்கம் வாங்கியவர் பஜ்ரங் லால் தாகர். அவர் ஊர் எது தெரியுமா? ராஜஸ்தானில் சீகர் மாவட்டம். மணல் பூமி.

இதற்குக் காரணம் இருக்கிறது. படகு வலிப்பது கைவேலை என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். வலிப்பது கால். பந்தயப் படகில் இருக்கை உருளைமேல் முன்னும் பின்னும் ஓடும். முழங்காலை மடக்கி முன்னால் போய், துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, காலை உதைத்து நிமிர்த்த வேண்டும். கால் முடித்ததும் முதுகு, முதுகு முடித்ததும் கை. மண்வெட்டி பிடித்தவருக்கும், கிணற்றிலிருந்து கல் தூக்கியவருக்கும் இந்த வரிசை உடம்பிலேயே இருக்கிறது. எட்டு பேர் சேர்ந்து வலிக்கும்போது ஒருவர் துடுப்பு கால் நொடி முந்தினாலும் படகு தடுமாறும். நடவு வயலில் வரிசையில் குனிந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே கையாக நாற்று வைப்பார்களே, அந்த ஒழுங்கு வேண்டும். இன்னொன்றும் உண்டு. துடுப்புப் போடுகிறவர் போகிற திசையைப் பார்ப்பதில்லை. வந்த வழியைப் பார்த்துக்கொண்டே முன்னால் போகிறார். எதிரே இருப்பதைப் பார்ப்பவர் சுக்கான் பிடிக்கும் 'காக்ஸ்' ஒருவர்தான். பெரும்பாலும் குழுவிலேயே சிறிய உடம்புக்காரர் அவர். எட்டு பலசாலிகள் அவர் குரலை நம்பி முதுகைத் திருப்பிக்கொண்டு உழைக்கிறார்கள். ஊரில் சின்னப் பெண் என்று ஒதுக்கப்படும் பிள்ளை ஒருத்தி எட்டு பேருக்குக் கட்டளையிடுவதை நான் இந்த மாவட்டத்தில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

தண்ணீரைக் கண்டு பயம் நம்மிடம் உண்டு, அதற்கும் காரணம் உண்டு. பச்சைமலைப் பக்கம் பிறந்து நம் இரண்டு மாவட்டத்தையும் தொட்டுக் கொள்ளிடத்தில் சேரும் மருதையாறு, ஆண்டில் பாதி நாள் நடந்து கடக்கிற ஆறு. 1956 நவம்பர் 23 விடியலில் வெள்ளம் அதன் ரயில் பாலத்தை அரித்துவிட்டது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். என் பாட்டி சாகும்வரை மருதையாறு என்ற பெயரைக் குரல் தாழ்த்தித்தான் சொன்னாள். வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கிற ஆற்றை நாம் பழகுவதில்லை. பழகாத ஆறு ஒரு ராத்திரியில் நிறைந்து வரும்போது நமக்கு அது அந்நியம். அதனால் குழாம் தொடங்கினால் முதல் ஆறு மாதம் படகே வேண்டாம். நீச்சல் மட்டும். நீச்சல் தெரியாதவர் படகில் ஏறக் கூடாது என்பது என் மாமா சட்டத்தைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். மிதவைச் சட்டை இல்லாமல் புதியவர் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

எங்கே பழகுவது? சிலர் கரைவெட்டி ஏரியைச் சொன்னார்கள். அங்கே வேண்டாம். கைகூப்பிக் கேட்கிறேன். கரைவெட்டி பறவைகளுக்கு உரியது. இமயம் தாண்டி வரித்தலை வாத்துகள் அங்கே வந்து இறங்குகின்றன. 2024இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் அது இடம்பெற்றுவிட்டது. ஏரி நிறைந்திருக்கும் மாதமும் பறவை வரும் மாதமும் ஒன்றே. நமக்கு விளையாட்டு, அவற்றுக்கு வாழ்க்கை.

கொள்ளிடம் கற்றுக்கொள்பவருக்கு ஏற்றதல்ல. வெள்ளம் வந்தால் ஆபத்து, போனால் மணல்.

என் கண் ஓடுவது இரண்டு இடங்களில். ஒன்று, சுண்ணாம்புக் கல் வெட்டி முடித்த சுரங்கப் பள்ளங்கள். மழைநீர் நிறைந்து நீலமாகக் கிடக்கின்றன. இன்றைய நிலையில் அவற்றில் கால் வைக்கக் கூடாது. செங்குத்தான சுவர், விழுந்தால் ஏறப் பிடி இல்லை. ஆனால் இங்கிலாந்தில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஈட்டன் கல்லூரி தன் மாணவர்களுக்காக டார்னி என்ற இடத்தில் ஒரு பந்தய ஏரி வெட்டியது. ஜல்லி வெட்டி எடுத்த பள்ளமே ஏரியாயிற்று. 2,000 மீட்டர் நேர்நீர், எட்டு வரிசை. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் துடுப்புப் பந்தயம் அங்கேதான் நடந்தது. நாட்டிங்காம் பக்கத்தில் தேசிய நீர் விளையாட்டு மையமும் ஜல்லிக் குழிகள் இருந்த இடத்தில் உருவானதுதான். கல் எடுத்து முடித்தபின் பள்ளத்தை என்ன செய்வது என்பதை, வெட்டத் தொடங்கும் முன்பே தீர்மானித்தால் இது முடியும். கரையைச் சரிவாக்க வேண்டும், ஆழத்தைச் சமப்படுத்த வேண்டும், நீரைச் சோதிக்க வேண்டும். சுரங்கம் மூடும் திட்டம் போடும் அதிகாரிகளிடமும் ஆலைகளிடமும் இதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான். சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடக்கும்போது போய் எழுந்து நின்று கேளுங்கள். உங்கள் பேரப் பிள்ளைகளுக்குக் கிடைத்தாலும் கிடைத்ததுதான்.

மற்றது, நம் ஏரிகள். உடனே ஆகக்கூடியது இதுதான். வடகிழக்குப் பருவமழையில் நிறைகிற ஏரி மாசி வரை தண்ணீர் வைத்திருந்தால், மார்கழி, தை, மாசி என்று மூன்று மாதப் பருவம் கிடைக்கும். கோடையில் தரையிலேயே துடுப்பு இழுக்கும் எர்கோமீட்டர் இருக்கிறது. உலகப் பந்தயத்துக்கு 2,000 மீட்டர் வேண்டும் என்பது உண்மை. ஆனால் நம் தேசியப் போட்டிகளிலேயே 500 மீட்டர் குறுந்தூரப் பந்தயம் உண்டு. 500 மீட்டரும் இல்லையா? கேம் ஆற்றுப் பையன்கள் செய்தது போல நம் ஏரிக்கு ஏற்ற பந்தயத்தை நாமே வகுத்துக்கொள்ளலாம். ஆனால் படகை இறக்கும் முன் மூன்று பேரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆயக்கட்டு விவசாயிகள், மீன் குத்தகை எடுத்தவர், நீர்வளத் துறை. ஏரி முதலில் அவர்களுடையது.

ஏரியில் துடுப்புப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு தங்கை இடைவேளையில் கேட்டாள். லண்டனில் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு – கேம்பிரிட்ஜ் பந்தயத்துக்கு முன்னால், தேம்ஸ் நீரை எடுத்துச் சோதித்தார்கள். ஆற்றுக்காகப் போராடும் அமைப்பு ஒன்றும் அங்கேயுள்ள ஒரு படகுக் குழாமும் சேர்ந்து செய்த சோதனை அது. ஈ கோலை கிருமி மிக அதிகமாக இருந்தது. ஜெயித்தவர்கள் காக்ஸைத் தண்ணீரில் தூக்கிப் போடும் பழைய வழக்கத்தை அந்த ஆண்டு வேண்டாம் என்றார்கள். உலகம் முழுவதும் செய்தியாயிற்று. கழிவுநீர் பல ஆண்டுகளாகக் கலந்துகொண்டிருந்தது. ஆனால் பிள்ளைகள் அதில் முகம் வைக்கிறார்கள் என்றதும் நாடே திரும்பிப் பார்த்தது. நம் ஊர் ஏரியில் உங்கள் பிள்ளை தினமும் காலையில் இறங்குகிறான் என்றால், அந்த ஏரியில் சாக்கடையை விட யாருக்குக் கை வரும்? விட்டால் முதல் நாளே தெரிந்துவிடும். முதல் நாளே கேட்கவும் ஆள் இருக்கும்.

இவ்வளவு பேசிவிட்டு வெறுங்கையோடு போக எனக்கு மனமில்லை. பெரம்பலூர் துறைமங்கலம் ஏரியைப் பாருங்கள், பெயரிலேயே துறை இருக்கிறது. மழை நின்று ஏரி நிறைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அங்கே வாருங்கள். உரியவர்களிடம் அனுமதி வாங்கி வைக்கிறேன் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். என் மாமாவின் மூங்கில் கழி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஆழம் பார்ப்பதற்காக அதில் முழத்துக்கு ஒரு கோடு அவரே கத்தியால் கீறி வைத்திருக்கிறார். அதைக் கொண்டுவருகிறேன். கரையிலிருந்து கரைக்குக் கயிறு பிடித்து நீளம் அளப்போம், பத்தடிக்கு ஒரு இடத்தில் கழியை ஊன்றி ஆழம் பார்ப்போம். நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும் மிதவைச் சட்டையோடு என்னுடன் பரிசலில் வாருங்கள். தெரியாதவர்கள் கரையில் உட்கார்ந்து நான் கூவும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கு அது வேண்டும்.